செனின் பிளாங்கா, லேட் ஹார்வெஸ்ட்டா: நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு நாசிக்கின் எந்த வெள்ளை ஒயின்?

பாளையங்கோட்டையிலிருந்து மதினி போனில் கேட்டார்: "உங்க பக்கம் நாசிக்ல ஒயின் போடுறாங்களாமே, இனிப்பா இருக்குமாமே. நாங்க வரும்போது ஒண்ணு வாங்கி வைம்மா." ஜனவரியில் அவருக்கும் அண்ணனுக்கும் முப்பதாவது கல்யாண நாள். அதை மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. இதுவரை இருவரும் ஒயின் என்று குடித்தது கிறிஸ்துமஸ் நேரத்தில் பக்கத்து வீட்டில் கேக்கோடு கொடுக்கும் கறுப்புத் திராட்சை ஒயின் மட்டும்தான். அந்த இனிப்பு மதினியின் நாக்கில் தங்கிவிட்டது.

ஒன்று வாங்கி வை என்று சொல்வது எளிது. கடையின் குளிர்பெட்டி முன்னால் போய் நின்றால், நாசிக் வெள்ளை ஒயினிலேயே சாவிஞோன் பிளாங்க், செனின் பிளாங்க், வியோனியே, ரீஸ்லிங், லேட் ஹார்வெஸ்ட் (தாமதமாகப் பறித்த பழத்தின் இனிப்பு ஒயின்) என்று ஐந்து வகை நிற்கின்றன. எதை வாங்குவது? நானும் என் கணவரும் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் வாரத்துக்கு ஒன்றாக வாங்கி, ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றி, எங்கள் வழக்கமான சாப்பாட்டோடு வைத்துப் பார்த்தோம். ஐந்தாறு வருடமாக நாசிக் போய்வருகிறோம். ஆனால் அங்கே ஆலையில் சீஸும் பிரெட்டும் வைத்துக்கொண்டு ருசிப்பது வேறு, வீட்டில் வஞ்சிர வறுவலும் புளிக்குழம்பும் சொதியும் இருக்கும்போது ருசிப்பது வேறு. அங்கே பிடித்துப்போன இரண்டு ஒயின்கள் எங்கள் வீட்டு மேசையில் தோற்றன. அங்கே நான் சாதாரணம் என்று நினைத்த ஒன்று இங்கே முதலிடம் பிடித்தது.

முதலில் அந்த மண்ணைப் பற்றி

மும்பையிலிருந்து சாலை வழியாக 170 கிலோமீட்டருக்குள் நாசிக். கசாரா மலைப்பாதை ஏறி இகத்புரி தாண்டினால் காற்றே மாறிவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரம். கோதாவரி பிறக்கும் திரியம்பகேஷ்வர் பக்கத்தில்தான். சாப்பிடும் திராட்சைக்கு இந்த ஊர் வெகுநாளாகப் பெயர் பெற்றது. மும்பைத் தெருக்களில் பிப்ரவரி, மார்ச்சில் தள்ளுவண்டியில் குவியும் பச்சைத் திராட்சையில் பெரும்பகுதி இங்கிருந்து வருவதுதான். ஒயினுக்கான திராட்சை பிறகு வந்தது. 1990களின் பிற்பகுதியில் ராஜீவ் சாமந்த் கங்காபூர் அருகே தன் குடும்ப நிலத்தில் சாவிஞோன் பிளாங்க்கும் செனின் பிளாங்க்கும் நட்டார். அவருடைய சூலா ஆலை 1999இல் தொடங்கியது. அதன் பிறகு கங்காபூர், திண்டோரி, நிபாட், இகத்புரி என்று நாலா பக்கமும் ஆலைகள் முளைத்தன. 'நாசிக் வேலி ஒயின்' என்ற பெயருக்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது. உலகக் கணக்கில் பார்த்தால் மிகச் சின்ன ஒயின் வட்டாரம். ஒரு வாரயிறுதியில் பாதியைச் சுற்றிவிடலாம்.

இந்த ஒயின்களின் ருசியைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் எழும், இலையுதிர்காலத்தில் அறுவடை. நாசிக்கில் கொடி தூங்குவதே இல்லை. அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை வெட்டுகிறார்கள். ஏப்ரலில் ஒரு வெட்டு, மழைக்காலத்தில் கொடி வளர்வதற்காக. மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு வெட்டு, காய் பிடிப்பதற்காக. இந்த இரண்டாவதை மராத்தி விவசாயிகள் 'கோடி சாட்ணி' என்பார்கள். 'கோட்' என்றால் இனிப்பு. வெட்டு இரண்டு, விளைச்சல் ஒன்று. அந்த விளைச்சல் ஜனவரி முதல் மார்ச் வரை வருகிறது.

அதாவது, நமக்குப் பொங்கல் கழிந்த நேரத்தில் அவர்களுக்கு அறுவடை. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். நிபாட் பக்கம் சில இரவுகள் 10 டிகிரிக்கும் கீழே போகும். அந்தக் குளிர் இரவுதான் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது. சூடு ஏற ஏற, பழம் தன் சுவாசத்திலேயே மாலிக் அமிலத்தைச் செலவழித்துவிடும். சர்க்கரை கூடும், புளிப்பு இறங்கும். பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் இது வேகமாக நடக்கும். ஆகவே நாசிக்கில் எந்தத் திராட்சை தன் புளிப்பை விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொள்கிறதோ, அதுதான் நல்ல வெள்ளை ஒயின் தரும். புளியும் மிளகாயும் தேங்காயும் நிறைந்த நம் சாப்பாட்டுக்கும் வேண்டியது அந்தப் புளிப்புதான்.

சாவிஞோன் பிளாங்க்: மீனுக்கு முன்னால் மட்டும்

நாசிக்கின் பெயரை வெளியூருக்குக் கொண்டுபோனதில் இந்தத் திராட்சைக்குப் பெரிய பங்கு உண்டு. மூடியைத் திருகியதும் கொய்யா வாசமும் பச்சைக் குடைமிளகாய் வாசமும் ஒன்றாக வரும். அந்தப் பச்சை வாசத்துக்குக் காரணம் பைரசின் என்ற சேர்மம். குடைமிளகாயில் இருப்பதும் அதே குடும்பம்தான். சூடான வட்டாரத்தில் பழம் நன்றாகப் பழுத்தால் இது குறையும். அதனால் நாசிக் சாவிஞோனில் குடைமிளகாயை விடக் கொய்யா தூக்கலாக இருப்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. ஐரோப்பியக் கணக்கில் லிட்டருக்கு 4 கிராமுக்குள் சர்க்கரை மிஞ்சியிருந்தால் அது 'டிரை'. புளிப்பு அதிகமாக இருந்தால் 9 கிராம் வரைக்கும் அதே பெயர் சொல்லலாம். சாவிஞோன் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் வரும்.

செம்பூர் ஸ்டேஷன் மார்க்கெட்டில் வாங்கிய வாவல் மீனை வெறும் உப்பு, மஞ்சள், எலுமிச்சை மட்டும் போட்டுத் தவாவில் புரட்டி எடுத்தோம். அதோடு இந்த ஒயின் அற்புதம். எலுமிச்சை பிழிந்தது போலவே வேலை செய்தது. ஆனால் அடுத்த தட்டில் வஞ்சிர வறுவல், அதில் எங்கள் வீட்டு மிளகாய்ப் பொடி. இங்கே ஒயின் தடுமாறியது. மதுவும் காரமும் சேரும்போது எரிச்சல் கூடும். அதைத் தணிக்க இந்த ஒயினில் இனிப்பு இல்லை. இரண்டாவது மடக்கில் என் கணவர் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு மோர் கேட்டார்.

ஒயினே புதிதாகக் குடிப்பவர்களிடம் முதலில் இதை நீட்டினால் 'கசக்குதே' என்பார்கள் என்றும் தோன்றியது. மதினி எதிர்பார்ப்பது இனிப்பு. அவர் கையில் முதல் கிளாஸாக இதைக் கொடுப்பது அவருக்குச் செய்யும் நியாயம் இல்லை. ஆனால் அண்ணனுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவர் மருத்துவரிடம் கேட்டபோது அரை கிளாஸுக்கு மேல் வேண்டாம், இனிப்பு ஒயின் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் அவருக்காகச் சாவிஞோன் பட்டியலில் தங்கியது.

செனின் பிளாங்க்: இதைத்தான் நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன்

ஆலைக்குப் போகும்போதெல்லாம் செனின் பிளாங்க்கை அவசரமாகத் தாண்டிவிடுவேன். இனிப்பு லேசாக இருக்கும், குடிக்க எளிது, ஆரம்பநிலை ஆட்களுக்கானது என்று ஓர் எண்ணம். அந்த எண்ணம் தவறு.

பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதிதான் செனினின் தாய்வீடு. தென்னாப்பிரிக்காவில் மிக அதிகமாகப் பயிராகும் ஒயின் திராட்சையும் இதுவே. இந்தத் திராட்சைக்கு இரண்டு குணம். ஒன்று, வெயில் ஏறினாலும் புளிப்பை எளிதில் விட்டுக்கொடுக்காது. இரண்டு, எந்த வடிவத்துக்கும் வளையும்: முழு டிரை, அரை இனிப்பு, தேன் போன்ற இனிப்பு, நுரை ஒயின், எல்லாமே ஒரே திராட்சையிலிருந்து எடுக்கலாம். லுவாரிலும் அப்படித்தான் எடுக்கிறார்கள். இப்போது நாசிக்கின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பகல் வெயிலில் சர்க்கரை எளிதாக வருகிறது. புளிப்பைக் காப்பதுதான் பாடு. அப்படிப்பட்ட இடத்துக்குச் செனின் போலப் பொருந்தும் வெள்ளைத் திராட்சை வேறு இல்லை என்று நான் உறுதியாகவே சொல்வேன். திண்டோரியில் இருக்கும் ஷாண்டோன் ஆலை நுரை ஒயினுக்குச் செனினைக் கலப்பதற்கும் அந்தப் புளிப்பு ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். செனின் என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே ருசி அல்ல. சில ஆலைகள் டிரையாக முடிக்கின்றன, சில லேசான இனிப்போடு விடுகின்றன. சூலாவின் சாதாரணச் செனின் இரண்டாவது ரகம். லேபிளில் 'செமி டிரை', 'ஆஃப் டிரை', 'செமி ஸ்வீட்' என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். ஐரோப்பியக் கணக்கில் 12 கிராம் வரை, புளிப்பு கூடினால் 18 வரை, அரை டிரை. 45 வரை அரை இனிப்பு. அதற்கு மேலே போனால் இனிப்பு ஒயின்.

இந்த எண்களை நம் சமையலறை அளவில் சொல்கிறேன். லிட்டருக்கு 15 கிராம் என்றால், 150 மில்லி கிளாஸில் சுமார் 2 கிராம். அரை டீஸ்பூன் சர்க்கரை. காபியில் அரை டீஸ்பூன் போட்டால் இனிப்பு என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் காரத்துக்கு எதிராக அந்த அரை டீஸ்பூன் செய்யும் வேலை பெரிது. அதே வஞ்சிர வறுவல், அதே மிளகாய்ப் பொடி. காரம் நாக்கில் ஏறும்போது செனினின் சின்ன இனிப்பு முன்னால் வந்து அணைக்கிறது, பின்னாலேயே புளிப்பு வந்து எண்ணெயைக் கழுவுகிறது, அடுத்த வாய்க்கு நாக்கு தயார்.

புளிக்குழம்போடும் வைத்துப் பார்த்தோம். இதுதான் கடினமான பரீட்சை. சாப்பாட்டில் புளிப்பு அதிகமாக இருந்தால், அதைவிடப் புளிப்புக் குறைந்த ஒயின் தண்ணீர் போல ஆகிவிடும். கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கு முன்னால் செனின் மட்டும்தான் முகம் வாடாமல் நின்றது. அது சிறப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். புளிக்குழம்புக்கு எந்த ஒயினும் சிறப்பாக இருக்காது. ஆனால் நின்றது. சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்த ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அதே பாட்டிலின் மிச்சத்தை ஊற்றினோம். 'இதுக்குத்தான் இது' என்று என் கணவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வியோனியேயும் ரீஸ்லிங்கும்

வியோனியே அழகான ஒயின். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் பிறந்தது. மூக்கருகே கொண்டுபோனாலே பாதாமி (ஆப்ரிகாட்) வாசமும் மாதுங்காவின் பூக்கடை வரிசையைக் கடக்கும்போது வருகிற மாதிரி ஒரு பூ வாசமும். சூலாவின் திண்டோரி ரிசர்வ் வரிசையில் ஒன்று உண்டு, இகத்புரிப் பக்கம் கவ்னாயில் இருக்கும் வல்லோனேயும் எடுக்கிறது. நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பெயரில் குரோவர் ஸாம்பா வெளியிடும் ரிசர்வ் வரிசையின் வெள்ளை ஒயினும் வியோனியேதான். ஆலையில் நான் முதல் பரிசு கொடுத்தது இதற்கு.

வீட்டில் தோற்றது. இந்தத் திராட்சைக்கு இயல்பிலேயே புளிப்புக் குறைவு. புளிக்குழம்புக்கு முன்னால் வாசம் மட்டும் மிஞ்சி, ருசி காணாமல் போனது. காரத்துக்கும் தாங்கவில்லை. ஆனால் சொதியோடு மட்டும் கதை வேறு. தேங்காய்ப்பாலின் கொழுப்பும் இந்த ஒயினின் வழவழப்பும் கைகோத்துக்கொண்டன. சொதியில் இஞ்சித் துவையலைக் கலக்காமல் இருக்கும் வரைக்கும் நல்ல ஜோடி. கலந்ததும் முடிந்தது. சொதிக்கு இஞ்சித் துவையல் இல்லாமல் திருநெல்வேலி வீட்டு விருந்து ஏது? ஆகவே வேண்டாம் என்று வைத்துவிட்டோம். ஆப்பத்துக்கு இனிப்புத் தேங்காய்ப்பாலுக்குப் பதில் காய்கறி இஷ்டூ செய்யும் வீட்டில் வியோனியேயைத் தயங்காமல் வாங்கலாம்.

ரீஸ்லிங் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எலுமிச்சைப் பூ வாசமும் கொஞ்சம் இனிப்பும் கலந்து வரும். செனின் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. குளிர்நாட்டுத் திராட்சை இது. ஜெர்மனியின் மோசல் கரையில் கிடைக்கும் கூர்மை இங்கே வருவதில்லை. கடையில் செனின் தீர்ந்துபோயிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

லேட் ஹார்வெஸ்ட்: மதினி கேட்ட இனிப்பு

இப்போது உண்மையான இனிப்பு ஒயினுக்கு வருவோம். இதில் எனக்குப் பெரிய ஈடுபாடு உண்டு. கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

நம் ஊரில் இனிப்பு ஒயின் என்றால் இரண்டு அர்த்தம் நினைப்பில் இருக்கிறது. ஒன்று, சர்க்கரை போட்டு வீட்டில் ஊறவைப்பது. இன்னொன்று, கோவாவிலிருந்து வரும் 'போர்ட்' பாட்டில். மும்பையில் பல வீடுகளில் இனிப்பு ஒயின் என்று கேட்டால் அந்தச் சிவப்புப் போர்ட்டைத்தான் எடுத்துவருவார்கள். விலை குறைவு, பழகிய ருசி. மதினிக்கும் அது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இனிப்பு நாக்கில் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மடக்குக்குப் பிறகு எல்லாமே ஒரே ருசி.

லேட் ஹார்வெஸ்ட்டில் இனிப்பு பழத்திலிருந்தே வருகிறது. மற்ற பழங்களைப் பறித்து முடித்த பிறகும் சில வரிசைகளைக் கொடியிலேயே விட்டுவிடுகிறார்கள். வாரக்கணக்கில் வெயிலில் தொங்கும்போது பழத்தின் தண்ணீர் ஆவியாகிறது, தோல் சுருங்குகிறது, சர்க்கரையும் புளிப்பும் அடர்த்தியாகின்றன. அதைப் பிழிந்தால் கிடைக்கும் சாறு கொஞ்சம், ஆனால் பாகு மாதிரி. ஒரு கணக்குச் சொல்கிறேன். ஈஸ்ட் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரையைத் தின்றால் 1 சதவீத மது உண்டாகும். சாற்றில் லிட்டருக்கு 300 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சதவீதம் மது வந்ததும் குளிரூட்டி ஈஸ்ட்டை நிறுத்திவிட்டால், 204 கிராம் செலவாகி 96 கிராம் மிச்சம் நிற்கும். 100 மில்லியில் கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. நம் வீட்டு டம்ளர் காபியின் இனிப்பு. அதற்கு எதிர்ப்பக்கம் செனினின் புளிப்பு நிற்பதால்தான் அது பாகாகத் தெரிவதில்லை. புளிப்பில்லாத திராட்சையில் இதையே செய்தால் சர்க்கரைத் தண்ணீர்தான் கிடைக்கும். சூலா, நிபாட் பக்கத்துக் குந்தேவாடியில் இருக்கும் ரெவெய்லோ, இரண்டுமே லேட் ஹார்வெஸ்ட்டுக்குச் செனினையே எடுப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

உலகப் புகழ்பெற்ற இனிப்பு ஒயின்கள், பிரான்சின் சோத்தேர்னும் ஹங்கேரியின் டோக்காய்யும், வேறு வழியில் உருவாகின்றன. அங்கே ஆற்றிலிருந்து எழும் காலை மூடுபனியில் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை பழத்தின் மேல் படர்ந்து, பிற்பகல் வெயிலில் பழம் வற்றும். அந்தப் பூஞ்சைதான் குங்குமப்பூ, ஆரஞ்சுத் தோல் போன்ற வாசத்தைத் தருகிறது. டோக்காயின் அசூ என்ற ரகத்தில் லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. நாசிக்கில் அறுவடை வறண்ட காலத்தில் வருவதால் வேலை முழுக்க வெயிலுடையது. ஆகவே இங்கே கிடைப்பது உலர்திராட்சை, தேன், அப்புறம் ஆம்பாபோளி. கொங்கணத்து மாம்பழச் சாற்றைத் தட்டில் ஊற்றி வெயிலில் காயவைக்கும் அந்த ஆம்பாபோளியின் வாசம் எனக்கு இதில் தெளிவாகத் தெரிகிறது. டோக்காய்யோடு ஒப்பிட்டுக் குறை சொல்லும் நண்பர்கள் உண்டு. அது ஆற்றுப் பனியின் ஒயின், இது தக்காணத்து வெயிலின் ஒயின்.

வல்லோனேயில் 'வேன் தே பஸ்ஸரியாஜ்' என்று ஒன்று இருக்கிறது. பஸ்ஸரியாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பழத்தைக் கொடியிலேயே உலர விடுவது என்று பொருள். லேட் ஹார்வெஸ்ட்டை விட ஒரு படி அடர்த்தி. கவ்னாயில் ஏரியைப் பார்த்தபடி அந்த ஆலையில் இதைக் குடித்த மாலை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. விருந்துக்கு இரண்டில் எது என்று வெகுநேரம் யோசித்தேன். புதிதாகக் குடிப்பவருக்கு லேட் ஹார்வெஸ்ட்டே போதும், அது எங்கள் கடையில் எளிதாகவும் கிடைக்கிறது. ஏற்கனவே இனிப்பு ஒயின் பழகியவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் பஸ்ஸரியாஜைத் தேடிப் பிடியுங்கள்.

இந்த ஒயின்கள் 375 மில்லி அரை பாட்டிலில் வருகின்றன. அளவோடு பார்த்தால் விலை அதிகமாகத் தெரியும். பழம் வற்றிச் சாறு குறைவதால் அந்த விலை நியாயம்தான். அரை பாட்டில் ஆறு பேருக்குப் போதும், ஒவ்வொருவருக்கும் 60 மில்லி.

எதோடு கொடுப்பது என்பதில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். இனிப்பு ஒயின், ஆகவே இனிப்போடு என்று எண்ணி, ஊரிலிருந்து வந்த திருநெல்வேலி அல்வாவை வைத்தோம். ஒயின் புளித்த தண்ணீராகிவிட்டது. தின்பண்டம் ஒயினை விட இனிப்பாக இருந்தால் ஒயினின் இனிப்பு மறைந்து புளிப்பு மட்டும் மிஞ்சும். அல்வா, அதிரசம், குலாப் ஜாமூன் எதுவும் ஆகாது. உப்புதான் இதற்கு இணை. நெய்யில் வறுத்த உப்பு முந்திரி, தேன்குழல், மிளகு சேவு. தேன்குழலும் லேட் ஹார்வெஸ்ட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆட்டுக்கறிச் சுக்காவோடும் வைத்தோம். காரம் அடங்கியது உண்மை, ஆனால் இரண்டு வாய்க்கு மேல் திகட்டியது.

வாங்கும் இடம்

போன வருடம் எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் சாவிஞோன் வாங்கினேன். கண்ணாடி அலமாரியில் நின்றிருந்தது, பிற்பகல் வெயில் நேரே அதன் மேல். வீட்டுக்கு வந்து ஊற்றினால் வைக்கோல் நிறத்துக்குப் பதில் தேநீர் நிறம், நறுக்கி வைத்த ஆப்பிள் வாசம். கொடுத்த பணம் போனதை விட, அந்தப் பழத்தை வளர்த்தவரின் உழைப்பு இப்படிக் கெட்டுப்போனதே என்றுதான் வருத்தமாக இருந்தது. மும்பைச் சூட்டில் வெள்ளை ஒயின் வெளியே நிற்கவே கூடாது. குளிர்பெட்டியில் இருக்கும் பாட்டிலையே கேட்டு வாங்குங்கள், லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். நாசிக் வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை இளமையிலேயே குடிக்க வேண்டியவை. சாவிஞோனையும் செனினையும் அறுவடையான இரண்டு வருடத்துக்குள் முடித்துவிடுவேன். லேட் ஹார்வெஸ்ட்டுக்கு மட்டும் சர்க்கரை காவல் இருப்பதால் அவசரம் இல்லை.

நேரே நாசிக் போய் வாங்குவது நல்லதா? நேரம் இருந்தால் கண்டிப்பாக. மும்பை சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து ஷீரடி போகும் வந்தே பாரத் நாசிக் ரோடில் நிற்கும், பஞ்சவடி எக்ஸ்பிரஸ்ஸும் இருக்கிறது. ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரத்தில் போனால் பறிப்பதையும் பிழிவதையும் பார்க்கலாம், பல வகையைச் சின்னச் சின்ன அளவில் ருசித்துவிட்டு வாங்கலாம். காரில் மட்டும் போகாதீர்கள், அல்லது குடிக்காத ஒருவர் ஓட்ட வேண்டும். ருசித்துவிட்டுக் கசாரா இறக்கத்தில் வண்டி ஓட்டுவது விளையாட்டல்ல. அண்ணனுக்கு முழங்கால் வலி, எங்களுக்கு ஒரே நாள்தான் விடுமுறை, ஆகவே இந்தத் தடவை கடையிலேயே வாங்கினோம். மகாராஷ்டிரத்தில் குடிப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கேட்டால் கடையிலேயே ஒரு நாள் சீட்டுக் கொடுப்பார்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க். எங்களுக்கு மூன்று வாங்க இடம் இருந்தது: செனின் இரண்டு, லேட் ஹார்வெஸ்ட் அரை பாட்டில் ஒன்று என்று முதலில் எழுதி, பிறகு அண்ணனுக்காக ஒரு செனினைச் சாவிஞோனாக மாற்றினேன். சாவிஞோனையும் செனினையும் 8லிருந்து 10 டிகிரிக்குள் குளிரவைத்தேன். வீட்டு ஃபிரிட்ஜில் இரண்டரை மணி நேரம் வைத்து, ஊற்றுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வெளியே எடுத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். லேட் ஹார்வெஸ்ட்டைக் கடைசி நிமிஷம் வரை ஃபிரிட்ஜிலேயே விட்டேன். நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான் அதன் இனிப்பு திகட்டாமல் இருக்கும்.

அன்று இரவு வாழை இலை மாதுங்காவிலிருந்து வந்தது. அண்ணன் வாவல் மீனோடு சாவிஞோனை அரை கிளாஸில் நிறுத்திக்கொண்டார். மதினி செனினை முதலில் சந்தேகமாகப் பார்த்தார், வஞ்சிரத்தைக் கடித்துவிட்டு ஒரு மடக்கு குடித்தார், பிறகு பேசாமல் கிளாஸை என் பக்கம் நீட்டினார். சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகு, தேன்குழலும் உப்பு முந்திரியும் வைத்து லேட் ஹார்வெஸ்ட்டைச் சின்னக் கிளாஸில் ஊற்றினேன். ஆம்பாபோளி வாசம் வருகிறதா என்று ஆவலோடு கேட்டேன்.

மதினி கண்ணை மூடி முகர்ந்தார். "அதென்ன போளியோ எனக்குத் தெரியலம்மா," என்றார். "எங்க ஆச்சி ஊர்ல பதநீர் காய்ச்சும்போது, கருப்பட்டி திரளுறதுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு வாசம் வரும். அதேதான் இது."